பை நிறைய தக்காளி, ஒரே ஒரு அடுப்பு

கவின்: (படம்)

கவின்: கூட வேலை செய்கிறவர் தோட்டத்தில் காய்த்தது என்று ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார். மூன்று கிலோவுக்குக் குறையாது. இருப்பதோ நான் ஒரு ஆள், அடுப்பு ஒன்று. என்ன செய்யலாம்? சுலபமாகச் சொல்லுங்கள். கடைக்குப் போய்ப் பத்துப் பொருள் வாங்கச் சொல்லாதீர்கள்.

மாமா: எனக்குக் கூரியரில் அனுப்பு.

அத்தை: வந்தால் யார் நறுக்குவது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா: கவின், முதலில் பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடு. அடியில் இருப்பது நசுங்கியிருக்கும். கெட்டியாக இருப்பது தனி, அழுத்தினால் லேசாக அமுங்குவது தனி, தோல் வெடித்தது தனி.

கவின்: பிரித்துவிட்டேன் பெரியம்மா. வெடித்தது ஏழெட்டு இருக்கும். ஒன்றில் மட்டும் வெள்ளையாகப் பூசணம். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டால் போதுமா?

நிலா: போதாது அண்ணா. முழுப் பழத்தையும் தூக்கிப் போடு. தக்காளி மாதிரி மெத்தென்று இருப்பதில் பூசணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்காது, உள்ளே இறங்கியிருக்கும். வெறும் வெடிப்பு என்றால் பரவாயில்லை, அதை இன்றைக்கே சமைத்துவிடு.

அம்மா: மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடு கண்ணா.

பெரியம்மா: ஐயோ, வேண்டாம்.

அம்மா: ஏன் அக்கா? நான் எப்போதும் அங்கேதான் வைக்கிறேன்.

பெரியம்மா: அதனால்தான் உன் வீட்டுத் தக்காளியில் வாசமே இருப்பதில்லை.

மாமா: ஆரம்பித்தாயிற்று. நான் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன்.

நிலா: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. கெட்டியாக இருப்பதைக் குளிரில் வைத்தால் பழுப்பது நின்றுபோகும். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாசனைப் பொருட்கள் உருவாவதும் குறைந்துவிடும். ஆனால் நன்றாகப் பழுத்துவிட்டது, இரண்டு நாளைக்குத் தொட முடியாது என்றால், அழுகவிடுவதற்கு ஃபிரிட்ஜ் எவ்வளவோ மேல். பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால் கொஞ்சம் முன்னாலேயே வெளியே எடுத்து வை.

கவின்: அப்போது கெட்டியாக இருப்பவை?

பெரியம்மா: சமையல் மேடையிலேயே இருக்கட்டும். வெயில் படக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்துப் பரப்பி வை.

கவின்: கவிழ்ப்பது எதற்கு?

நிலா: தோல் வழியாக ஈரம் அதிகம் போகாது. காம்பு இருந்த தழும்பு வழியாகத்தான் போகும். கவிழ்த்தால் அந்த வழி அடைபடும், சீக்கிரம் சுருங்காது.

அம்மா: அவசரமாகப் பழுக்க வேண்டும் என்றால் ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வை. இதிலாவது என் பேச்சைக் கேட்பீர்களா?

பெரியம்மா: இதில் கேட்கலாம்.

கவின்: சரி, இன்றைக்கு ராத்திரி? வீட்டில் முட்டை, வெங்காயம், பூண்டு, பிரெட், அரிசி, பருப்பு இருக்கிறது. வெண்ணெய் கொஞ்சம்.

அத்தை: முட்டையும் தக்காளியும் போதும். மூன்று முட்டையை உப்புப் போட்டு அடித்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றிப் பெரிய துண்டுகளாகக் கிளறு. முக்கால் பதம் வெந்ததும் தட்டில் எடுத்துவிடு. அதே பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய், தட்டிய பூண்டு, நறுக்கிய தக்காளி நாலு, உப்பு. மூடி வை. உடைந்து சாறு வந்ததும் மூடியைத் திறந்து கொஞ்சம் வற்றவிடு, ஒரு சிட்டிகை சர்க்கரை போடு. பிறகு முட்டையைத் திரும்பப் போட்டு இரண்டு புரட்டு, இறக்கு. சோற்றுக்கும் சரி, பிரெட்டுக்கும் சரி. பதினைந்து நிமிஷ வேலை.

மாமா: நான் எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டுவிடுவேன். இன்னும் சுலபம்.

அத்தை: நீங்கள் செய்தால் ஸ்பூனால் அள்ளித்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. முட்டை தக்காளித் தண்ணீரில் கிடந்தால் சொதசொதவென்று போகும்.

கவின்: அத்தை, என் வாணலி இரும்பு. பரவாயில்லையா?

அத்தை: முட்டைக்குப் பரவாயில்லை, பத்து நிமிஷத்தில் இறக்கிவிடுவாய். மணிக்கணக்கில் தக்காளியைக் கொதிக்கவிடுவதற்கு அது சரிப்படாது. புளிப்பு இரும்பைத் தின்னும், கறுத்துப்போய் ஒரு இரும்பு வாடை வரும். பூச்சு இல்லாத அலுமினியமும் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரம் அடி கனமாக இருந்தால் அதை எடு.

பெரியம்மா: (குரல் பதிவு, 3:12)

கவின்: பெரியம்மா, ஃபோனில் ஸ்பீக்கர் கரகரவென்கிறது. ஒன்றும் புரியவில்லை. யாராவது எழுதுங்களேன்.

நிலா: நான் கேட்டு எழுதுகிறேன். நடுவில் குக்கர் விசில் சத்தம் வேறு.

நிலா: பெரியம்மா சொல்வது இதுதான். அமுங்குகிற தக்காளி எல்லாவற்றையும் ஒரே தடவையில் மசியலாகச் செய்துவிடு. அதை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டலாம். ஒரு கிலோ தக்காளிக்கு இரண்டு வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, நாலு கரண்டி எண்ணெய். வெங்காயத்தைச் சிறு தீயில் நன்றாகக் குழைய வதக்க வேண்டும். அது விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதம் வந்த பிறகுதான் தக்காளி. உப்பை அப்போதே போட்டால் தண்ணீர் சீக்கிரம் விடும். மூடி வைத்துப் பத்து நிமிஷம், பிறகு திறந்து வைத்து வற்றவிடு. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அவசரத்துக்குத் தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும், முகத்தில் தெறிக்கும்.

நிலா: "இவனுக்குப் பொறுமை கிடையாது, இரண்டு தடவை எழுது" என்றும் சொல்கிறார். எழுதவில்லை.

மாமா: ஒரு சந்தேகம். எனக்கு மட்டும் வெங்காயம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக் நறுக்கென்று கடிபடுகிறதே, ஏன்?

பெரியம்மா: தம்பி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறவனுக்கு அப்படித்தான் ஆகும்.

நிலா: மாமா, அதற்குக் காரணம் தக்காளியின் புளிப்பு. காயை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அது மெத்தென்று ஆகும். புளிப்பு இருக்கிற இடத்தில் அது மெதுவாகத்தான் கரையும். உருளைக்கிழங்கு, பருப்பு, பயறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பாதி வெந்ததும் தக்காளியைப் போட்டுவிட்டால் அதன்பிறகு வேகவே மாட்டேன் என்று நிற்கும்.

பெரியம்மா: பெக்டின் எல்லாம் எனக்குத் தெரியாது. பருப்பு குழைந்த பிறகுதான் தக்காளி. அது தெரியும்.

மாமா: இத்தனை வருஷமாக வெங்காயத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை: வெங்காயத்தை மட்டுமா? அடுப்பை, பாத்திரத்தை, என்னை.

கவின்: மசியலுக்குத் தோல் உரிக்கணுமா? விதை?

அம்மா: தோல் நாக்கில் சுருள் சுருளாகத் தட்டுப்படும், எனக்குப் பிடிக்காது. அடியில் கத்தியால் கூட்டல் குறி மாதிரி கீறி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்று. தோல் தானாகக் கழன்று வரும்.

கவின்: ஒரு அடுப்புக்காரனிடம் தனியாகத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்கிறீர்களே அம்மா.

அத்தை: கேரட் துருவி இருக்கிறதா? தக்காளியைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய். சதை எல்லாம் கீழே விழும், தோல் மட்டும் கையில் தங்கும். நறுக்குகிற வேலையும் மிச்சம்.

கவின்: துருவி இருக்கிறது! இது நன்றாக இருக்கிறதே.

மாமா: விதையை மட்டும் எடுத்துவிடு. வீடியோவில் எல்லாரும் எடுக்கிறார்கள்.

நிலா: எடுக்காதே அண்ணா. விதையைச் சுற்றி இருக்கிற கொழகொழப்பில்தான் குளுட்டாமிக் அமிலம் சதையைவிட அதிகம். நாக்குக்கு ருசியாகத் தெரிவதற்கு அதுவும் முக்கியக் காரணம். பிரெட் நடுவில் வைக்கும்போது ஊறிப்போகக் கூடாது என்று எடுத்தால் அது வேறு. சமைப்பதற்கு எடுப்பது வீண்.

கவின்: ஒன்றை நறுக்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். கண் கூசுகிற அளவுக்குப் புளிப்பு. சர்க்கரை எவ்வளவு போடலாம்?

பெரியம்மா: முதலில் வற்றட்டும். வற்றினாலே இனிப்பு கொஞ்சம் மேலே வரும். கடைசியில் ருசி பார். அதற்குப் பிறகும் புளித்தால் ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கலக்கு. சர்க்கரை அரை ஸ்பூனுக்கு மேல் போனால் ஜாம் ஆகிவிடும்.

நிலா: சர்க்கரை புளிப்பை மறைக்கும், ஆனால் குறைக்காது. உண்மையாகவே குறைக்க வேண்டும் என்றால் சமையல் சோடா ஒரு சிட்டிகை. நுரைத்துப் பொங்கி அடங்கும். ஒரு சிட்டிகைதான். கூடினால் சோப்பு ருசி வந்துவிடும், அதை எதை வைத்தும் சரிசெய்ய முடியாது.

அம்மா: எண்ணெயைக் குறைத்துக்கொள் கண்ணா, நாலு கரண்டி எதற்கு?

நிலா: அம்மா, தக்காளியில் சிவப்பு நிறம் தருகிற லைகோபீன் எண்ணெயில்தான் கரையும். எண்ணெயோடு சமைத்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். கொதிக்கவிட்டால் வைட்டமின் சி குறையும் என்பதும் உண்மை. அதற்கு நாலைந்தைப் பச்சையாகச் சாப்பிட்டுவிட்டால் ஆயிற்று.

அம்மா: சரி, மூன்று கரண்டி.

(மாலை 7:48)

கவின்: (படம்)

கவின்: முட்டை முடிந்தது. சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். அத்தை, அருமை. அடுப்பில் இப்போது மசியல். இரண்டு கிலோ துருவியதில் பாத்திரம் நிறைய வந்தது. அரை மணி நேரமாகக் கொதிக்கிறது, இன்னும் தண்ணீராகவே இருக்கிறதே?

பெரியம்மா: இருக்கத்தானே செய்யும்? தக்காளி என்றாலே தண்ணீர்தான்.

நிலா: நூற்றுக்கு 94, 95 பங்கு.

பெரியம்மா: அகலமான பாத்திரமாக இருந்தால் சீக்கிரம் வற்றும். உன்னுடையது குறுகலாகத் தெரிகிறது. பாதியை எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவையாகச் செய். மூடியைத் திறந்தே வை, மேலே கரண்டியைக் குறுக்கே போட்டு ஒரு சல்லடைத் தட்டைக் கவிழ்த்தால் தெறிப்பதும் குறையும்.

அத்தை: எடுத்து வைத்த பாதியை வற்றவிட வேண்டாம், நாளைக்கு சூப் செய்துகொள். பாதி அளவு தண்ணீர், உப்பு, மிளகுத்தூள், கொதித்ததும் ஒரு துண்டு வெண்ணெய்.

மாமா: பால் ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அத்தை: திரியாமல் ஊற்றத் தெரிந்தால் ஊற்றலாம். கவின், கொதிக்கிற சூப்பில் பாலைக் கொட்டாதே. அடுப்பை அணைத்துவிடு. பால் தனியாகச் சூடாக இருக்கட்டும். அதில் சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கு. பாலுக்குப் பதில் கிரீம் இருந்தால் அவ்வளவு பயம் இல்லை.

கவின்: வாரம் முழுக்க இந்த மசியலை எப்படி ஓட்டுவது?

பெரியம்மா: சூடான சோற்றில் போட்டுப் பிசை. வெந்த பருப்பில் இரண்டு கரண்டி கலந்து ஒரு கொதி விடு. வாணலியில் பரப்பி, குழி குழியாகச் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை உடைத்து ஊற்றி மூடினால் அது ஒரு சாப்பாடு. நூடுல்ஸ், பாஸ்தா, எது இருந்தாலும் அது தாங்கும். காரமோ மசாலாவோ இப்போது போட்டுவிடாதே, அந்தந்த நாள் போட்டுக்கொள். இப்போதே போட்டால் ஏழு நாளும் ஒரே ருசி.

மாமா: என் நண்பன் ஒருவன் இப்படித்தான் செய்து கண்ணாடி பாட்டிலில் நிரப்பி அலமாரியில் அடுக்கி வைப்பான். மாதக்கணக்கில் இருக்கும் என்கிறான். நீயும் அப்படிச் செய்.

நிலா: வேண்டாம் மாமா, இதில் விளையாடக் கூடாது. அறை வெப்பத்தில் மூடி வைப்பதற்குப் பிஎச், அதாவது புளிப்பு கூடக் கூடக் குறைகிற எண், 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். தக்காளி சரியாக அந்த எல்லையில்தான் நிற்கிறது. சில பழம் கீழே, சில பழம் மேலே. கூடவே வெங்காயம், பூண்டு, எண்ணெய் எல்லாம் போட்டிருக்கிறோம், அது இன்னும் மேலே தள்ளும். காற்று இல்லாத பாட்டிலில் பொட்டுலினம் கிருமி வளர்ந்தால் வாசத்திலும் நிறத்திலும் தெரியாமலேயே விஷம் இருக்கலாம்.

நிலா: அதற்கென்று அளவாக அமிலம் சேர்த்து, சரியான நேரம் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தும் முறை இருக்கிறது. அதை அந்தக் குறிப்பு எழுதியபடியே செய்ய வேண்டும். கையளவு, கண்ணளவு சமையல் அங்கே ஆகாது.

மாமா: அவனிடம் சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை அவன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் யோசிக்கணும்.

நிலா: அண்ணா, உனக்கு ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாளைக்குத் தேவையானது மட்டும். மீதி ஃபிரீசரில்.

அம்மா: வேகவைக்க நேரம் இல்லாத தக்காளியைக் கழுவித் துடைத்து முழுசாகவே ஃபிரீசரில் போட்டுவிடலாம். வெளியே எடுத்துத் தண்ணீரில் காட்டினால் தோல் கழன்று கையோடு வந்துவிடும். பச்சையாகச் சாப்பிட ஆகாது, குழைந்துபோகும். சமைக்க நன்றாக இருக்கும்.

பெரியம்மா: இது எனக்குத் தெரியாதே.

அம்மா: என் ஃபிரிட்ஜைக் குறை சொன்னீர்களே அக்கா.

பெரியம்மா: ஃபிரீசர் வேறு, ஃபிரிட்ஜ் வேறு. ஆனால் நல்ல யோசனை.

கவின்: எண்ணெய் பிரிந்துவிட்டது பெரியம்மா! நிறமும் மாறியிருக்கிறது, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

பெரியம்மா: அணைத்துவிடு. நன்றாக ஆறட்டும், சூட்டோடு மூடாதே.

கவின்: டப்பா இரண்டுதான் இருக்கிறது. மீதிக்கு ஜிப் வைத்த பை.

அத்தை: டப்பாவில் மேலே ஒரு விரல் இடம் விடு, உறையும்போது ஊதும். பையில் ஊற்றிக் காற்றை வெளியே தள்ளி, தட்டையாகப் படுக்க வைத்து உறையவிடு. பாதி உறைந்ததும் கரண்டிக் காம்பால் பைமேல் கோடு கோடாக அழுத்திவிட்டால், பிறகு சாக்லேட் மாதிரி வேண்டிய துண்டை மட்டும் உடைத்து எடுக்கலாம்.

கவின்: எடுத்ததும் அப்படியே வாணலியில் போடலாமா, இல்லை பனி விடணுமா?

அத்தை: அப்படியே போடு. இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி, சிறு தீ. பைமேல் இன்றைய தேதியை எழுதிவிடு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடு.