டயர் தரையை விட்டதும் கார் முன்னாடி நகருது, ஜாக்கி சாயுது. அவசரம்

முன்பேடு79
முன் பிரேக் பேட் மாத்தணும். ஜாக்கி போட்டு ஏத்தினா கார் ஒரு விரல் அளவு முன்னாடி வருது, ஜாக்கி சாயுது. ரெண்டு தடவை பயந்து இறக்கிட்டேன். கியர்லதான் போட்டிருக்கேன். என்ன தப்பு? சாயங்காலத்துக்குள்ள வேலை முடியணும், சீக்கிரம் சொல்லுங்க.

கிரீஸ்கை
எந்த ஜாக்கி? வண்டியோட வந்த கத்தரி ஜாக்கியா, ட்ராலியா, பாட்டிலா? தரை கான்கிரீட்டா, மண்ணா, பேவர் கல்லா? ஜாக்கியை எந்த இடத்துல கொடுக்குறீங்க? ஏத்தின வண்டியைத் தாங்குற இரும்பு ஸ்டாண்டு இருக்கா? இது தெரியாம பதில் சொன்னா அது உங்களுக்குத்தான் ஆபத்து. அதுவரைக்கும் அடியில தலையோ கையோ விடாதீங்க.

சீல்கிட்
ஜாக்கில ஆயில் கம்மியா இருக்கும். அழுத்தம் நிக்காம இறங்கும்போது சாயுற மாதிரிதான் தெரியும். ஆர்ம் (வண்டியைத் தூக்குற கை) முழுசா இறங்கின நிலையில ஃபில்லர் மூடியைக் கழட்டிப் பாருங்க, ஆயில் ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் இருக்கணும். குறைஞ்சிருந்தா ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் மட்டும் ஊத்துங்க. பிரேக் ஆயில் ஊத்தினா உள்ள இருக்கிற ரப்பர் சீல் ஊறி வீணாயிடும். அப்புறம் ஜாக்கியை இறக்குற ரிலீஸ் வால்வைத் திறந்து வச்சு கைப்பிடியை 10, 15 தடவை அடிங்க, சிக்கின காத்து வெளியேறும்.

முன்பேடு79
ட்ராலி ஜாக்கிதான். பேவர் கல் தரை. டிரைவர் பக்க முன் டயர்.

வளைவுப்பாதை
பேவர் கல்லா? அப்ப காரணம் அதுதான். ட்ராலி ஜாக்கியோட ஆர்ம் நேரா மேலே போகாது, வளைவா ஏறும். ஏற ஏற, வண்டியைத் தாங்குற கிண்ணம் கைப்பிடி பக்கமா பின்வாங்கும். அதை ஈடுகட்ட ஜாக்கியே தன் இரும்புச் சக்கரத்துல வண்டிக்கு அடியில உருண்டு போகணும். சக்கரம் கல் இடுக்குல மாட்டிக்கிட்டா உருளாது. அப்ப ஒண்ணு கிண்ணம் வழுக்கும், இல்ல வண்டியை இழுக்கும். 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒண்ணு போடுங்க, 2 அடிக்கு 3 அடி. ஜாக்கியோட நாலு சக்கரமும் பலகை மேல நின்னு, முன்னாடி ஒரு சாண் உருள இடம் இருக்கணும்.

நாலுசக்கரம்
கேள்வியை யாரும் முழுசாப் படிக்கலை. தலைப்புலேயே இருக்கு: "டயர் தரையை விட்டதும்". ஆயில் குறைஞ்சா வண்டி இறங்கும், முன்னாடி வராது. சக்கரம் மாட்டிக்கிட்டா ஜாக்கி தன் கைப்பிடி பக்கம்தான் இழுக்கும். தம்பி, ரெண்டே கேள்வி. ஜாக்கியைப் பக்கவாட்டுல இருந்து விட்டீங்களா, பம்பர் பக்கமிருந்தா? ஹேண்ட் பிரேக் இழுத்தீங்களா, இல்லையா?

முன்பேடு79
பக்கவாட்டுல, கதவுக்குக் கீழ. ஹேண்ட் பிரேக் இழுக்கலை. கியர்ல இருந்தா போதாதா? தரை வாசல் பக்கம் லேசா இறக்கம்.

நாலுசக்கரம்
போதாது. இதைத் தெரிஞ்சுக்காம ஜாக்கியைத் தொடவே கூடாது. பக்கவாட்டுல இருந்து ஏத்தும்போது ஜாக்கி இழுத்திருந்தா வண்டி உங்க பக்கமா, குறுக்கதான் நகர்ந்திருக்கும். முன்னாடி வந்திருக்குன்னா வண்டி தானா உருண்டிருக்கு.

முன் சக்கரம் இழுக்கிற வண்டியில கியர் நேரா சக்கரத்தைப் பிடிக்கிறதில்லை, நடுவுல இருக்கிற டிஃபரன்ஷியலை, அதாவது ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரத் தொகுப்பைப் பிடிக்குது. ரெண்டு முன் டயரும் தரையில இருக்கிற வரைக்கும் வண்டி நிக்கும். ஒரு டயர் காத்துல தொங்கின அந்த நொடியே, தரையில இருக்கிற டயர் முன்னாடி உருள, தொங்குற டயர் எதிர்ப்பக்கம் சும்மா சுத்தும். எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. ஆட்டோமேட்டிக் வண்டியில "பி"ல போட்டாலும் இதே கதிதான், அந்தப் பூட்டும் டிஃபரன்ஷியலுக்கு முன்னாடிதான் இருக்கு. அதனாலதான் டயர் தரையை விடும்போது நகருது. ஜாக்கியோட சக்கரம் குறுக்க நிக்கிறதால வண்டியோட போக முடியாம சாயுது. இன்னும் ரெண்டு விரல் நகர்ந்திருந்தா விழுந்திருக்கும்.

கிரீஸ்கை
சரியான பதில். ஆனா அதட்டாம சொல்லலாம் அண்ணே, அவர் பயந்துபோய்த்தான் கேட்கிறார்.

முன்பேடு79, வரிசையாச் செய்யுங்க. முதல்ல இறக்கம் இல்லாத இடத்துக்கு வண்டியை மாத்துங்க, இது இல்லாம மத்ததுக்குப் போகாதீங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுங்க, கியர்லயும் போடுங்க. பின் டயர் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் முட்டுக்கட்டை. கையால வச்சது பத்தாது, சுத்தியால ஒரு தட்டுத் தட்டி டயர் ரப்பர்ல பதியணும். உருண்டைக் கல் வேண்டாம், டயர் அழுத்தினா அதுவும் சேர்ந்து உருளும். டயர் தரையில இருக்கும்போதே வீல் நட்டை கால் சுத்து தளர்த்துங்க. காத்துல தொங்குற சக்கரத்துல பலம் கொடுத்தா வண்டியே ஆடும்.

சீல்கிட்
ஆனாலும் ஜாக்கியைச் சோதிக்கணும். ஏத்தி நிறுத்தி, கிண்ணத்துக்கும் தரைக்கும் இடையில டேப்பால அளந்து, 10 நிமிஷம் கழிச்சு மறுபடி அளங்க. நல்லாத் தெரியுற அளவுக்குக் குறைஞ்சிருந்தா சீல் கசியலாம்.

நாலுசக்கரம்
குறையாத ஜாக்கியா இருந்தாலும் அதை நம்பி அடியில போகக் கூடாது. ஜாக்கி ஏத்துறதுக்கு, தாங்குறதுக்கு ஸ்டாண்டு.

செங்கல்சூளை
ஸ்டாண்டு இல்லைன்னா ஹாலோ பிளாக் ரெண்டு அடுக்கினா போதும். ஒரு வீட்டுச் சுவரையே தாங்குது, காரைத் தாங்காதா?

வளைவுப்பாதை
தயவுசெஞ்சு அதை அழிச்சிடுங்க. சுவர்ல பாரம் பிளாக்கோட முழு மேற்பரப்புலயும் சமமா இறங்கும். காருக்கு அடியில கட்டைவிரல் அகலத் தகட்டு விளிம்பு ஒண்ணுதான் மொத்த பாரத்தையும் ஒரே கோட்டுல இறக்கும். ஹாலோ பிளாக்கோட சுவர் மெல்லிசு. படுக்கை வசமா வச்சா இன்னும் மோசம். இரும்பு வளையும், முனகும், முன்னாடியே தெரியும். பிளாக் அப்படி இல்லை, ஒரு சத்தத்தோட தூளாயிடும். கையை எடுக்கக்கூட நேரம் கிடைக்காது.

செங்கல்சூளை
மரக்கட்டை?

வளைவுப்பாதை
கெட்டியான, வெடிப்பில்லாத கட்டையா இருந்தா தாங்கும். ஒரு அடுக்கு நெடுக்க, அடுத்தது குறுக்க, ஊஞ்சல் மாதிரி ஆடாம அடுக்கணும். உயரம் அடிப்பக்க அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆனா ஸ்டாண்டு இருக்கும்போது அது எதுக்கு?

முன்பேடு79
ஸ்டாண்டு ரெண்டு இருக்கு, 2 டன். ஆனா வண்டிப் புத்தகத்துல சொன்ன இடத்துல ஜாக்கி நிக்குதே, ஸ்டாண்டை எங்க வைக்கிறது?

கிரீஸ்கை
நல்ல கேள்வி. இங்கதான் பாதிப் பேர் தரைத் தகட்டுல வச்சு அமுக்கிடுறாங்க. ரன்னிங் போர்டு அடியில ஓடுற தகட்டு விளிம்புல ரெண்டு வெட்டு தெரியும், அதுக்கு நடுவுலதான் உள்ளே பலம் கொடுத்திருக்கும். அந்த இடம் ஸ்டாண்டுக்கு. ஜாக்கியை முன்பக்க கிராஸ் மெம்பர் (வண்டிக்கு அடியில குறுக்க ஓடுற சட்டம்) நடுவுல கொடுத்து ரெண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்கலாம், உங்க வண்டிப் புத்தகம் அந்த இடத்தைக் காட்டியிருந்தா மட்டும். ஆயில் சம்ப் (எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி), கியர்பாக்ஸ், ரேடியேட்டர் தாங்குற பட்டை, இது எதுலயும் கிண்ணம் படக் கூடாது. சம்ப் தகடு அரை அங்குலம் உள்ளே போனாலே ஆயில் உறிஞ்சுற குழாயை அடைச்சிடும்.

இப்படி முன்னாடியிருந்து தூக்கும்போது வளைவுப்பாதை சொன்ன இழுப்பு முன்னும் பின்னுமா வரும். அதனால பலகை கட்டாயம். ஜாக்கியை உருள விடணும்னு ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தாதீங்க, ஜாக்கிதான் வண்டிகிட்ட வரணும்.

ஸ்டாண்டு தலைக்கும் தகட்டுக்கும் நடுவுல பள்ளம் வெட்டின ரப்பர் பேட் வைங்க. விளிம்பு பள்ளத்துல உட்காரும், மடங்காது. பேவர் கல்லா இருக்கிறதால ஒவ்வொரு ஸ்டாண்டு அடியிலயும் ஒரு அடி சதுரப் பலகை. பல் வச்ச ஸ்டாண்டுன்னா உயரம் வச்ச பிறகு தலையைக் கையால கீழே அழுத்துங்க, பல் முழுசா இறங்கி லிவர் கீழே படிஞ்சிருக்கணும். பாதிப் பல்லுல நின்னா பாரம் வந்ததும் நழுவும்.

டார்க்ரென்ச்
2 டன்னுங்கிறது ஒண்ணுக்கா, ஜோடிக்கான்னு ஸ்டிக்கர்ல பாருங்க. சிலதுல ஜோடிக்குத்தான் எழுதியிருப்பாங்க.

செங்கல்சூளை
சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம்ல ஸ்டாண்டு வச்சா இன்னும் சுலபம்.

நாலுசக்கரம்
ஆர்ம் அசையுற உறுப்பு, அடிப்பக்கம் சரிவு. ஸ்டாண்டு தலை அதுல நிக்காது. புத்தகம் காட்டாத இடத்துல ஸ்டாண்டு வைக்கக் கூடாது.

தம்பி, பாரத்தை ஸ்டாண்டுல இறக்கினதும் நேரா அடியில போகாதீங்க. பம்பர் பக்கம் நின்னு இடுப்பால நல்லாத் தள்ளி ஆட்டிப் பாருங்க. விழுறதா இருந்தா அப்பவே விழட்டும். ஜாக்கியை எடுக்காம லேசா முட்டுற மாதிரி விட்டுடுங்க. கழட்டின சக்கரத்தை ரன்னிங் போர்டு அடியில படுக்க வைங்க. காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பிடி) போல்ட் இறுகியிருந்தா குதிச்சுக் குதிச்சு இழுக்க வேண்டாம், நீளமான கைப்பிடி போட்டு நிதானமா அழுத்துங்க.

முன்பேடு79
சமதரைக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டை தட்டி வச்சேன். கொஞ்சமும் நகரலை. ஆட்டிப் பார்த்தேன், அசையலை. ஒரு பக்கம் முடிஞ்சுது. நன்றி.

டார்க்ரென்ச்
இறக்குறதுக்கு முன்னாடி அடியில ஸ்பேனர், துணி எதுவும் இல்லைன்னு பாருங்க. ரிலீஸ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறங்க, ஒரேயடியாத் திருப்பினா தடால்னு விழும். நட்டை நட்சத்திர வரிசையில, டயர் தரையைத் தொட்ட பிறகு கடைசி இறுக்கு. வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை மிதிச்சு மிதிச்சு கெட்டியாகுதான்னு பாருங்க. புது பேட் போட காலிப்பர் பிஸ்டனைப் பின்னாடி தள்ளியிருக்கிறதால முதல் மிதி வெறுமையா உள்ளே போகும்.

புதுசுபக்கம்
பின் பக்கம் தூக்கினாலும் இதே முறைதானா?

கிரீஸ்கை
இல்லை. ஹேண்ட் பிரேக் பொதுவா பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின் டயர் ரெண்டும் தூக்கினா அது இருந்தும் இல்லாத மாதிரி. முன் டயர் ரெண்டும் தரையில இருக்கிறதால முன் சக்கர வண்டியில கியர் அப்ப உதவும். முட்டுக்கட்டை முன் டயர் ரெண்டுக்கும், ரெண்டு பக்கமும். வண்டி எது, எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கான்னு சொல்லுங்க. பின் பேட் மாத்தணும்னா எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கைச் சர்வீஸ் நிலைக்கு (பேட் மாத்த அதை விடுவிக்கிற நிலை) கொண்டுபோகாம பிஸ்டனைத் தொடக் கூடாது.