கிளட்ச் என்றால் வாரண்டி கிடையாதா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். டபுள் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும்) ஆட்டோமேட்டிக் கார். பாம்பன் பாலத்தில் கடலை வேடிக்கை பார்க்க நிறுத்தும் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வருகிறது. முதல் கியரில் வண்டியே உதறுகிறது. வாரண்டி இன்னும் இருக்கிறது, ஆனால் சர்வீஸ் சென்டரில் "கிளட்ச் தேய்மானம், அதில் வராது" என்கிறார்கள். நண்டு வியாபாரத்தில் சேர்த்த காசு, மனசு ஆறவில்லை.

பதில்: அண்ணே, உலர் கிளட்ச் வகையா? அது எண்ணெயில் குளிராது, ஊர்ந்தால் சூடேறும். முன்வண்டி நன்றாக நகர்ந்த பிறகு எடுங்கள்.

பதில்: கிளட்ச் தட்டு தேய்மானம் என்பது சரி. கிளட்சையும் கியரையும் இயக்கும் கன்ட்ரோல் யூனிட் அப்படியில்லையே! ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உதறுவதை ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது குறையைக் குறிக்கும் சீட்டு) எழுத வையுங்கள், அதுதான் சாட்சி. மறுத்தால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 2019 சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்: சரி தம்பி, திங்கட்கிழமை போய் எழுத வைக்கிறேன்.