11 மாதக் கடுவனைச் சேர்க்கைக்கு விடலாமா?

கோண்டாவில்காரன்:
எங்கள் அல்சேஷன் கடுவனுக்கு இந்த மாதத்தோடு 11 மாதம். ஆள் பார்க்க முழு நாய், 31 கிலோ. மதிலடி, மோட்டார் சைக்கிள் சில்லு என்று காலைத் தூக்காத இடமில்லை. வந்த விருந்தாளியின் காலைக் கட்டிப்பிடித்து மானத்தை வாங்குகிறான். பின்வளவு அன்ரி வீட்டுப் பெட்டைக்கு முந்தநாள் இரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. "உங்கட கடுவனை ஒருக்கா விடுங்கோ, ஒரு குட்டி தாறன்" என்கிறா. அப்பாவுக்கு விருப்பம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. விடலாமா?

சுன்னாகம் தம்பி:
நாங்கள் 10 மாதத்திலேயே விட்டோம். 6 குட்டி. யோசிக்காமல் விடுங்கோ.

திருநெல்வேலி அண்ணை:
குட்டி வரும், அதில் சந்தேகமில்லை. பல கடுவன்களுக்கு ஒரு வயதுக்குள்ளேயே விந்து ஊறிவிடும். குட்டிக்கு எது போகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறை அதிகம். இளம் வயதில் நடையை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது, எக்ஸ்ரே எடுக்கவேண்டும். நாய்களின் மூட்டைப் பார்த்துச் சான்று கொடுக்கும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ அமைப்பு 24 மாதம் நிறையாமல் இடுப்புக்கு இறுதிச் சான்று கொடுப்பதில்லை. நானும் 2 வயது என்றுதான் சொல்வேன். பட்டுத் தெரிந்தது. என் முதல் கடுவனை 14 மாதத்தில் விட்டேன். 3 வயதில் அவனுக்கு விறாந்தைப் படி ஏற ஏலாமல் போனது. முன்காலைப் படியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நிற்பான். அதற்குள் அவனுடைய 7 குட்டிகளும் யார் யார் வீட்டிலோ.

எந்த வயதில் விட்டாலும் இரண்டுக்கும் புருசெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். சேர்க்கையில் பரவி, பெட்டைக்குக் கருவைக் கலைத்துவிடும், மனிதருக்கும் தொற்றும். உண்ணிக் காய்ச்சல் வந்து சுகமான கடுவன் என்றால் 2 மாதமாவது பொறுக்கவேண்டும். புது விந்து உருவாக அவ்வளவு காலம் எடுக்கும்.

இதற்கெல்லாம் முன்னம், இன்றைக்கே விதைப்பையைத் தடவிப் பாருங்கோ. இரண்டும் இருக்கிறதா?

கோண்டாவில்காரன்:
அப்பா பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டிருக்க, பின்னால் இருந்து தடவினேன். இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் வெறும் தோல். வாங்கும்போது கேட்டதற்கு "போகப்போக இறங்கும்" என்றார்கள்.

திருநெல்வேலி அண்ணை:
6 மாதம் தாண்டினால் பெரும்பாலும் இறங்காது. இறங்கிய ஒன்றாலேயே குட்டி உண்டாகும், ஆனால் இந்தக் குறையும் கூடவே குட்டிக்குப் போகும். இவனைச் சேர்க்கைக்கே விடக்கூடாது, 2 வயதிலும்தான். உள்ளே நிற்கும் விதையில் பிற்காலத்தில் கட்டி வர வாய்ப்புக் கூட. மிருக வைத்தியரிடம் காட்டி இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது. அதுவரை வேலியைக் கவனியுங்கோ. பெட்டைக்குச் சூடு 3 கிழமை வரை நிற்கும், இரத்தம் குறைந்துவிட்டது என்று நம்பவேண்டாம். அந்த நாட்களில்தான் ஏற்கும்.

சுன்னாகம் தம்பி:
நான் எங்கட ஆளைத் தடவிப் பார்க்கப் போறன்.

கோண்டாவில்காரன்:
காட்டியாயிற்று. ஸ்கானில் விதை வயிற்றுக்குள் தெரிந்தது, வாற மாதம் ஒப்பரேஷன். இரவிரவாக வேலியடியில் நின்று ஊளையிடுகிறான். வேலி ஓட்டையை அப்பா தகரம் வைத்து அடைத்துவிட்டார். அன்ரிக்கு விளக்கமாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்டு இருக்குத்தானே தம்பி?" என்றா.