ராட்செட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

ஞாயிறு வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் வண்டி ரிப்பேர் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் டெலிவரிக்கு பைக் ஓட்டும் பையன்கள். வண்டியைச் சர்வீசுக்கு விட்டால் கூலியும் போகும், அன்றைய வருமானமும் போகும், அதனால் தாங்களே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் என்னென்ன கருவி வாங்கலாம் என்று அவர்களுக்காகச் சின்னதாக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்குரூ டிரைவருக்குத் திருப்புளி இருக்கிறது. ஸ்பேனருக்குத் திருகுச்சாவி என்று போட்டுவிட்டேன். ராட்செட்டில் வந்து வண்டி நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்கு: நுனியில் சதுரக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி. அதில் சாக்கெட்டை, அதாவது நட்டின் மேல் கவிழும் குழாயை, மாட்டி நட்டில் வைத்து ஒரு பக்கம் தள்ளினால் நட்டு திரும்பும். மறுபக்கம் இழுத்தால் கிர்ர் என்று சத்தம் மட்டும் வரும், நட்டு அசையாது. எடுத்து எடுத்து வைக்கத் தேவையில்லை. "ஒருதிசைப் பற்சக்கரத் திருகுச்சாவி" என்று எழுதி ஒரு பையனிடம் வாசிக்கக் கொடுத்தேன். "இதைச் சொல்லி முடிப்பதற்குள் கடையை மூடிடுவாங்க சார்" என்கிறான். உதவுங்கள்.

நன்னூலான் எழுதியது:

அன்பரே, கலைச்சொல் ஆக்கும்போது முதலில் மூலச்சொல்லின் பிறப்பைப் பார்க்க வேண்டும். ராட்செட் என்பது பிரெஞ்சு ரோஷே வழியாக வந்தது. நூல் சுற்றும் கட்டைக்கு அங்கே அந்தப் பெயர். அதற்கும் பின்னால் போனால் ஜெர்மானிய மொழிகளில் நூற்கும் கோலைக் குறித்த சொல்லில் போய் நிற்கும். நம்மிடமோ நூல் நூற்கும் கருவிக்கு இராட்டை என்றே பெயர் இருக்கிறது! ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. "இராட்டைத் திருகி" என்று வைத்தால் யாருக்கும் உறுத்தாது.

வல்லை எழுதியது:

> ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது

ஐயா, ராட்டை வடக்கிலிருந்து வந்த சொல் அல்லவா? நீர் இறைக்கும் சக்கரத்துக்கு ரஹட் என்பார்கள், சமஸ்கிருதத்தில் அரகட்டம். ஒன்று தண்ணீரில் தொடங்கியது, மற்றது பஞ்சில் தொடங்கியது. நடுவில் ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

இன்னொன்று. திருகுச்சாவி என்று எல்லாரும் தமிழ்போல எழுதுகிறீர்கள். சாவி போர்த்துக்கீசியம். எங்கட யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றுதான் சொல்லுவோம். தூய தமிழ் வேண்டுமென்றால் முதலில் அதை மாற்றுங்கோ.

பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம். நான் கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன், இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. கருவியின் பெயர் ராட்செட். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் போய் இராட்டைத் திருகி கொடுங்கள் என்று கேட்டால் காதி கடைக்கு வழி சொல்லுவார்கள்.

பெயரை விடுங்கள், தம்பி கையேட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை. ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் எல்லாரும் ஆன்லைனில் அந்த 46 பீஸ் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். அதன் சதுரக் கட்டை கால் இஞ்சு, அதாவது இரண்டு நூல். பக்க மூடி, ஏர் ஃபில்டர் கவர், பேட்டரி முனை இதற்கெல்லாம் நன்றாகவே உழைக்கும். சக்கர அச்சு நட்டில் அதை மாட்டி முழு பலத்தையும் போட்டால் உள்ளே பல் உடைந்துவிடும், அல்லது சதுரக் கட்டை முறுக்கிக்கொள்ளும். அரை இஞ்சு, நாலு நூல், கார் வேலைக்கு. பைக்குக்கு அது கனம், இடுக்கில் தலை நுழையாது. பைக்குக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூன்று நூல். கடைகளில் அது குறைவாகத்தான் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். பெட்டி வேண்டாம். நல்ல பிடி ஒன்று, 8, 10, 12, 14, 17 சாக்கெட் ஐந்து, ஒரு நீட்டுக் கம்பி. பைக்கில் பெரும்பாலான வேலை இதற்குள் முடிந்துவிடும். ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட், பெரும்பாலான வண்டிகளோடு வரும் டூல் கிட்டிலேயே அது இருக்கும்.

நன்னூலான் எழுதியது:

> கருவியின் பெயர் ராட்செட்

சரி, கடனாகவே எடுத்துக்கொள்வோம் என்றாலும் முறை இருக்கிறது. ரகரம் மொழிக்கு முதலில் வராது, ஆகவே இகரம் வேண்டும். டகர ஒற்று ஈற்றில் நிற்காது, ஆகவே உகரம் வேண்டும். இடையிலுள்ள ட்ச மட்டும் பிழையில்லை. "டறலள என்னும் புள்ளி முன்னர்க் கசப என்னும் மூவெழுத்து உரிய" என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்திருக்கிறார். கட்சி, மாட்சி, காட்சி பாருங்கள். ஆகவே "இராட்செட்டு".

வல்லை எழுதியது:

அதே தொல்காப்பியர்தான் "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்றும் சொன்னவர். ஒரு இகரத்தை முன்னாலும் ஒரு உகரத்தை பின்னாலும் ஒட்டிவிட்டால் சொல் தமிழாகிவிடுமா? அது வேட்டி கட்டின வெள்ளைக்காரன் மாதிரித்தான் நிற்கும்.

பாலிடெக்னிக் டீச்சர் எழுதியது:

பட்டறைக்காரர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், பிறகு சொல்லுக்கு வருகிறேன். பெட்டியின் மேல் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை போட்டிருக்கும். 24 பல் என்றால் ஒரு பல் நகர 15 பாகை, 36 என்றால் 10, 72 என்றால் 5. என்ஜின் பக்கத்துக் குறுகிய சந்தில் கையைப் பதினைந்து பாகை ஆட்ட இடம் இருக்காது, அங்கே 72 பல் உதவும். ஆனால் விலை மலிவான பிடியில் பல் பொடிசாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் மெலிசு. இரும்பும் சுமார், பல்லும் மெலிசு என்றால் அழுத்தும்போது வழுக்கி, விரல் முட்டி போய் என்ஜின் துடுப்பில் இடிக்கும். பணம் குறைவென்றால் 36, 45 பல்லே நல்லது என்பேன். 72 என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல எஃகு என்று காட்டும் குரோம் வனேடியம் முத்திரையும் அப்படித்தான், அதைக் குத்துவதற்கு எந்தக் காசும் ஆகாது.

இனிச் சொல். பற்சக்கரத்தை எல்லாரும் பார்க்கிறீர்கள், வேலை செய்வது அது இல்லை. பல்லுக்கு இடையில் போய் உட்காரும் சின்ன நாக்குதான் கருவியின் உயிர். ஒரு பக்கம் முட்டி நிற்கிறது, மறுபக்கம் சறுக்கி ஏறுகிறது. கதவில் போடுகிறோமே, கொண்டி, அதேதான். "கொண்டித்திருகி" என்று வைத்தால் என்ன? சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதுதான், அதற்கும் பொருந்தும்.

ஞாயிறு வகுப்பு எழுதியது:

அக்கா, நன்றாக இருக்கிறது. ஏழு எழுத்தில் பாதி வேலை முடிந்தது போல. மற்றவர்கள்?

பொருளியல் வாத்தியார் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுக்கவும். எங்கள் பாடத்திலும் ராட்செட் விளைவு என்று ஒன்று உண்டு. விலையோ செலவோ ஏறும், காரணம் போன பிறகும் பழைய இடத்துக்கு இறங்காது. டீசல் ஏறினால் பஸ் டிக்கெட் ஏறும், டீசல் இறங்கினால் டிக்கெட் இறங்குகிறதா? இதற்குக் "கொண்டித்திருகி விளைவு" என்று எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள். "மீளாமை" என்ற பொருள் வரும்படி ஒரே சொல்லாக அமைத்தால் இரண்டு துறைக்கும் ஆகும். என் பரிந்துரை "மீள்தடை". கருவிக்கு மீள்தடைத் திருகி.

பட்டறைக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா, நான் ராட்செட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மீள்வதைத் தடுக்கவில்லை, கை மீண்டு வரத்தான் அது இருக்கிறது. நட்டுதான் மீளாது. யார் மீள்வது, எதைத் தடுப்பது?

நன்னூலான் எழுதியது:

நல்ல கேள்வி. "மீள்தடை" வினைத்தொகையா, மீளுதலுக்குத் தடை என்று நான்காம் வேற்றுமையாக விரிப்பதா என்பதே தெளிவில்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தேர் முன்னால் நகரும்போது கட்டையும் சக்கரத்தோடு ஒட்டிப் போகும், வேண்டிய இடத்தில் கொடுத்து நிறுத்துவார்கள், திருப்புவார்கள். "முட்டு" என்ற பழைய சொல் அங்கே காத்துக் கிடக்கிறது. "முட்டுத்திருகி".

வல்லை எழுதியது:

முட்டுக்கட்டை என்றால் இப்போது யாருக்கும் தேர் ஞாபகம் வராது, அரசியல்வாதிதான் ஞாபகம் வரும். கொண்டிக்கு என் ஓட்டு. சாக்கெட்டுக்கும் யோசியுங்கோ. வேல் தலையில் காம்பு நுழைகிற துளைக்குச் சுரை என்று சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. நட்டின் மேல் கவிழ்கிற உள்துளைக் குழாய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

பட்டறைக்காரன் எழுதியது:

சுரை என்றால் கூட்டு வைப்பார்கள் அம்மா. பெயர் வைக்கிற நேரத்தில் அந்தச் சாக்கெட்டின் உள்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். உள்ளே ஆறு பட்டை இருப்பது, பன்னிரண்டு முனை இருப்பது என்று இரண்டு வகை. பன்னிரண்டு முனை மாட்டச் சுலபம், ஆனால் துருப்பிடித்த போல்ட்டில் மூலையை மட்டும்தான் பிடிக்கும், தலை உருண்டு போகும். புதிதாக வாங்குகிறவன் ஆறு பட்டையே வாங்கட்டும்.

அப்புறம் கடையில் பார்க்க வேண்டியது ஒன்று. சாக்கெட்டை மாட்டி, இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு பிடியைப் பின்னால் ஆட்டிப் பாருங்கள். சாக்கெட்டும் கூடவே வந்தால் அந்தப் பிடியை வைத்துவிடுங்கள். உள்ளே இழுப்பு அதிகம். பாதி கழன்ற நட்டு லூசாக இருக்கும்போது பிடியைப் பின்னால் கொண்டுபோனால் நட்டும் கூடவே திரும்பி வரும், மறுபடி இறுகும், வேலை நடக்காது. திசை மாற்றும் குட்டி லீவர் கட்டை விரலுக்குத் தளர்வாக இருந்தாலும் வேண்டாம், நடுவில் தானாகத் திசை மாறிக்கொள்ளும். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழையது வாங்கினாலும் இதே சோதனைதான். தேய்ந்த நல்ல பிடி, பளபளக்கும் புதுப் பெட்டியைவிட மேல்.

பாலிடெக்னிக் டீச்சர் எழுதியது:

இறுகிய நட்டை இளக்கி எடுக்க ராட்செட்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள் தம்பி. முதல் அசைவுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது டி கம்பி (T வடிவச் சாவி). பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்குவது, சுத்தியலால் தட்டுவது இரண்டும் அந்தச் சின்னக் கொண்டியைக் கொன்றுவிடும். ரிங் ஸ்பேனர் செட் ஏற்கனவே வைத்திருப்பவனுக்குத்தான் ராட்செட் லாபம். ஒன்றும் இல்லாதவன் முதல் ஐந்நூறை ரிங்கில் போடட்டும். மலிவுக் கையேட்டில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நன்னூலான் எழுதியது:

பெரும்பான்மை கொண்டியின் பக்கம் சாய்வதால் நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றை மட்டும் சரிசெய்து விடுகிறேன். கதைசொல்லி போல இரண்டாம் வேற்றுமை மறைந்து வந்தால் ஒற்று மிகாது, அப்போது "கொண்டியைத் திருகுவது" என்று ஆகிவிடும், பொருள் தவறு. "கொண்டியை உடைய திருகி" என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகக் கொண்டால் ஒற்று மிகும். எனவே கொண்டித்திருகி என்பதே சரி. இருப்பினும் முட்டுத்திருகி மேல் என்ற என் கருத்தைப் பதிவு செய்கிறேன். திருகாணிப் புரிக்கு மரையா மறையா என்ற பழைய வழக்கை இதில் யாரும் இழுக்க வேண்டாம்.

பொருளியல் வாத்தியார் எழுதியது:

நான் மீள்தடையை என் பாடப்புத்தகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். இரண்டு துறைக்கு ஒரே சொல் வேண்டும் என்ற பேராசையை விட்டுவிட்டேன்.

ஞாயிறு வகுப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் இடத்தில் "ராட்செட் என்னும் கொண்டித்திருகி" என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கொண்டித்திருகி என்று மட்டும் போடுகிறேன். சாக்கெட்டைச் சாக்கெட் என்றே விட்டுவிட்டேன், வல்லை அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். கையேட்டின் கடைசிப் பிரதியை இணைத்திருக்கிறேன்.

வல்லை எழுதியது:

கோபம்தான். சுரையை அடுத்த பதிப்பில் கேட்பேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

படித்தேன். கடையில் ராட்செட் என்று கேளுங்கள் என ஒரு வரி வேண்டும், அது இல்லாமல் என்னால் சரி என்று சொல்ல முடியாது. மூன்றாம் பக்கத்தில் "உள்ளே நன்றாகக் கிரீஸ் அடைக்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள், அதை எடுங்கள். கெட்டிக் கிரீஸ் அடைத்தால் அந்த நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லில் உட்காராது, அழுத்தும் நேரத்தில் வழுக்கும். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மெல்லிய கிரீஸ் ஒரு பூச்சு. கழற்றும்போது மேலே துணியை விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பறந்து போனால் தனியாகக் கிடைக்காது.