இங்கிலாந்தில் தண்டவாளப் பராமரிப்பு வேலைக்குச் சேரும் நம் திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு

அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மகாதேவி, மேலப்பாளையம் என்று நம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கவோ, அங்கே வேலை பார்க்கும் கணவனோடு அல்லது மனைவியோடு சேர்ந்து வாழவோ போனவர்களில் சிலர், ஏஜென்சிகள் மூலமாகத் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் சேர்கிறார்கள். அந்த வேலையைச் சில ஆண்டுகள் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருக்கிற என்னிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, அந்த வேலையை நம்ம உடம்பு தாங்குமா?” எடையை உடம்பு தாங்கிக்கொள்ளும். ஓய்வில்லாமல் அடுத்தடுத்து ஒப்புக்கொள்கிற இரவு வேலைகளைத்தான் தாங்காது.

முதலில் வேலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் திருநெல்வேலி–செங்கோட்டைப் பாதையில் கேங்மேன்கள் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே பகல் வெயிலில் வேலை பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே பெரும்பாலான வேலை, கடைசி வண்டி போனபின் பாதையை மூடி, நள்ளிரவில் தொடங்கி விடியுமுன் முடிவது; பெரிய வேலைகள் சனிக்கிழமை இரவில் ஆரம்பித்து ஞாயிறு வரை நீளும். தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 56 அல்லது 60 கிலோ எடை இருக்கும், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் சிலிப்பர் ஒன்று 250 கிலோவைத் தாண்டும். இவற்றை நகர்த்த இயந்திரங்கள் உண்டு. தண்டவாளத்தைச் சிலிப்பரோடு இறுக்கும் கிளிப்பை அடிப்பது, சிலிப்பருக்கு நடுவில் உள்ள ஜல்லியை வாரி வெளியே போடுவது, புதிய ஜல்லியைத் திணிப்பது, கருவிகளைச் சுமப்பது ஆகியவை மனிதக் கைக்கு வரும். புதியவர்கள் எதிர்பார்க்காதது நடைதான். வேனை நிறுத்திய இடத்திலிருந்து வேலை நடக்கும் இடம் ஒரு மைல் தள்ளி இருக்கலாம். அவ்வளவு தூரமும் தலைவிளக்கு வெளிச்சத்தில், காலடியில் உருளும் ஜல்லியில், கையில் கருவியோடு நடக்க வேண்டும். கணுக்காலைப் பிடித்து நிற்கும், கயிறு கட்டும் பாதுகாப்புக் காலணிக்குக் காசு பார்க்காதீர்கள்; புதிதாக வாங்கியதை வேலைக்குப் போடுவதற்கு முன் வீட்டிலேயே பல நாட்கள் போட்டுப் பழக்குங்கள்.

புறப்படுவதற்கு முன் ஊரிலேயே உடம்பைச் சோதித்துப் பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்திய ரயில்வேயில் கடைநிலைப் பணிக்கான உடல்தகுதித் தேர்வில், ஆண்கள் 35 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் சுமக்கவும், 1000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியில் ஓடவும் வேண்டும். பெண்களுக்கு 20 கிலோவும், 5 நிமிடம் 40 வினாடியும். இதை மூச்சு வாங்காமல் செய்ய முடிகிறதென்றால் தொடக்கத்துக்குப் போதும். முடியாதவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே, ஆற்றுமணலிலோ வறண்ட குளத்துக்குள்ளோ முதுகில் சிறு சுமையோடு நடந்து பழகலாம். ரயில் பாதையில் நடந்து பழக வேண்டாம். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், ஆபத்து என்பது தனி. பல்லில் சொத்தை இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுப் போங்கள், கண்ணாடி போடுபவர்கள் இரண்டு ஜோடி செய்துகொள்ளுங்கள். அங்கே பணிக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் பார்வையும் காதும் பார்ப்பார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்த்து வளர்ந்தவன் சளைத்தவன் இல்லை என்று காட்ட, மற்றவர் இரண்டு பேராகத் தூக்குவதை ஒருவராகத் தூக்குகிறார்கள். அங்குள்ள மூத்த தொழிலாளிகள் இதைக் கண்டு வியப்பதில்லை, எரிச்சல்தான் படுகிறார்கள். அந்நாட்டின் சுகாதார, பாதுகாப்பு ஆணையம் ஆண்களுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு, இடுப்புயரத்தில் உடம்போடு ஒட்டித் தூக்கும்போது 25 கிலோ. அதே பொருள் முழங்காலுக்குக் கீழே இருந்தால் 10 கிலோதான். பெண்களுக்கு முறையே 16, 7. இது சட்டம் போட்ட உச்சவரம்பு அல்ல. ஆனால் தண்டவாள வேலையில் தூக்குவது எல்லாமே கால்மட்டத்தில் கிடக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், “25 கிலோதானே” என்று தனியாகக் குனிய மாட்டீர்கள்.

ஜல்லி வாருவதை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் முதுகு போவது பெரும்பாலும் இதில்தான். நீளப் பற்களுள்ள ஃபோர்க்கைக் கையில் எடுத்ததும் கைவலுவால் குத்தி, இடுப்பைத் திருப்பித் தோளுக்கு மேலாக வீசுவது புதியவர்களின் வழக்கம். ஒரு காலைச் சிலிப்பர் மேல் ஊன்றிக்கொண்டு, கைப்பிடியின் முனையைத் தொடைக்குச் சற்று உட்புறமாக வைத்து, தொடையால் நெட்டித் தள்ளுங்கள். ஜல்லிக்குள் பல் தானாக இறங்கும். பாதி நிரம்பினால் போதும். கொட்டும் பக்கம் உடம்பு திரும்புமுன் பாதங்கள் திரும்ப வேண்டும். சற்று நேரத்துக்கு ஒருமுறை இடக்கை வலக்கை மாற்றிப் பிடியுங்கள். அது முதலில் அசிங்கமாக வரும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

இனி ஓய்வைப் பற்றி. ரயில் பாதை வேலையில் ஒரு முறைப்பணி 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பணிகளுக்கு நடுவே 12 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் போய் வருபவருக்கு அந்தப் பன்னிரண்டில் தூக்கத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இதோடு, இரண்டு ஏஜென்சிகளில் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கு மற்றதைச் சொல்லாமல் மறைத்து வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். போகும்போது வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது, வீட்டில் தங்கை கல்யாணம் நிற்கிறது, இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. இருந்தாலும் 2013 ஜூன் மாதம் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்: இரவு முழுக்கத் தண்டவாள வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள், ஓட்டியவர் கண்ணயர்ந்ததில் சாலையோரம் நின்ற லாரியில் மோதி இறந்தார்கள். அவர்களை வேலைக்கு அனுப்பிய நிறுவனத்துக்கு 2020-ஆம் ஆண்டில் 4,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வேலைக்கு அழைத்தால் மறுக்க முடியாது, மறுத்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். உங்களில் பலரும் அதே வகை ஒப்பந்தத்தில்தான் சேர்வீர்கள்.

ஆகவே முதல் மூன்று மாதம், வாரத்தில் நான்கு இரவுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு இருப்பதால், இரண்டு இரவிலேயே கணக்கு முடிந்துவிடும். கண் எரியும்போது வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி, வேனிலேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். பாதுகாப்பில்லை என்று தோன்றும் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கே கடைசித் தொழிலாளிக்கும் உண்டு. நேரில் சொல்லப் பயந்தால், பெயரை வெளியே விடாமல் புகாரை வாங்கிக்கொள்ளும் சைரஸ் (CIRAS) என்ற அமைப்பு ரயில்வே ஊழியர்களுக்கு இருக்கிறது. இரவுப் பணியாளர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பகல் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்குவது முக்கியம். அங்கே கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். வேலை முடிந்து வரும் வழியிலேயே வெளிச்சம் கண்ணில் பட்டுத் தூக்கம் கலையும். கனமான திரை வாங்குங்கள். ஊரிலிருந்து அம்மா அழைக்கும் நேரத்தை உங்கள் தூக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்; நம் மதியம் அங்கே காலை என்பதால், சரியாகக் கண் மூடும் வேளையில்தான் கைபேசி மணியடிக்கிறது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. இரவு ஒன்பதரைக்கு வயிறு முட்டப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுப் போனால் இரண்டு மணிக்கு உடம்பு கனக்கும். கிளம்பும் முன் நம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் அளவாகப் போதும். வேலையிடத்துக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அவித்த முட்டை, காணம் சுண்டல் என்று சிறுகச் சிறுக எடுத்துப் போங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். டப்பாவில் விற்கும் எனர்ஜி பானங்கள் அடுத்த நாள் தூக்கத்தைக் கடனாக வாங்கித் தருகின்றன. பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், போனதும் ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். தெற்காசியர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம், இரவுப் பணி அதைக் கூட்டும்.

மெதுவாக வந்து நிலைத்துவிடும் பாதிப்பு, கையதிர்வினால் வருவது. ஜல்லியைச் சிலிப்பருக்கு அடியில் குத்தித் திணிக்கும் கேங்கோ, தண்டவாளம் அறுக்கும் இயந்திரம், போல்ட் முடுக்கும் இயந்திரம் ஆகியவற்றை நாள்கணக்கில் பிடிக்கும்போது விரல் நரம்புகளும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. வேலையிடத்தில் இதைப் புள்ளிகளாகக் கணக்கிடுவார்கள்: ஒரு நாளில் 100 புள்ளியைத் தொட்டால் முதலாளி குறைக்க வழி தேட வேண்டும், 400-ஐத் தாண்டவே கூடாது. வேலை முடிந்தபின் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல் இருப்பதும், காலையில் சட்டைப் பித்தானைப் போட விரல் வராமல் தடுமாறுவதும், பையிலிருந்து சில்லறையைத் தொட்டு எடுக்க முடியாமல் போவதும் தொடக்க அறிகுறிகள். குளிரில் விரல் வெளுப்பதைப் பற்றிச் சொல்வார்கள். நம் நிறத்துக்கு அது எளிதில் கண்ணில் படாது என்பதால் மரத்துப்போவதைக் கவனியுங்கள். கையைச் சூடாக வைத்துக்கொள்வதும், இயந்திரத்தை ஆட்கள் மாறி மாறிப் பிடிப்பதும் உதவும். புகை பிடிப்பது இதை மோசமாக்கும். முற்றிய பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை, அதனால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஜல்லியைக் கொட்டும்போது எழும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. அதற்குரிய முகக்கவசம் முகத்தோடு ஒட்டி நின்றால்தான் பயன், தாடி இருந்தால் ஒட்டாது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பவர்கள் முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொன்னால், காற்றை ஊதித் தரும் தலைக்கவசம் கிடைக்கும், அல்லது தூசியில்லாத வேலையில் போடுவார்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், நோன்பு வைக்கும் மேலப்பாளையம் சகோதரர்களும் அதையும் சொல்லிவிடுவது நல்லது. அங்கே இதைக் குறையாக யாரும் எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

போதைப்பொருள், மதுச் சோதனை எந்த நாளும் வரலாம். அங்கே சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது வரை அனுமதி என்றால், ரயில் பாதையில் 29 மட்டுமே. முந்தைய நாள் குடித்ததும் இதில் மாட்டும். இன்னொன்று, ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் மாத்திரைகள். சளிக்கும் அரிப்புக்கும் நாம் சாதாரணமாகப் போடும் அவில் தூக்கத்தைக் கொடுப்பது. கோடீன் கலந்த இருமல் மருந்து சோதனையில் தெரியும். எதைப் போட்டாலும் பணிக்கு முன் சொல்லுங்கள். குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும் சோதனையில் அபின் வகையாகக் காட்டக்கூடும். அதற்குப் பதில் முந்திரி அரைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கோ அமீரகத்துக்கோ போகிறவர்கள் கசகசாவைக் கையிலேயே எடுக்கக் கூடாது, அங்கே அதற்குத் தடை.

குளிருக்குப் பருத்திப் பனியன் உதவாது. வியர்வையில் நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழையில் மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். பகலில் தூங்கி இரவில் உழைக்கும் நம் போன்ற கருநிறத்தவர், நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்பது அந்நாட்டு அரசு மருத்துவத் துறையின் அறிவுரை. பாதையோரம் எலி உண்டு, அதனால் நாம் ஊரில் அறிந்த எலிக்காய்ச்சல் அங்கேயும் உண்டு. கையில் கீறல் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கையுறை போடுங்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன என்று சொல்லுங்கள்.

விசா எடுக்கும்போதே பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,035 பவுண்டு (மாணவர் விசாவுக்கு 776) மருத்துவக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள், ஆனால் குடியிருக்கும் பகுதி மருத்துவரிடம் பெயரைப் பதியாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 111-ஐ அழைக்கலாம்.

கடைசியாக ஒரு சிறு நோட்டு. எந்தத் தேதியில், எந்த ஏஜென்சிக்கு, எந்த இயந்திரத்தை எவ்வளவு நேரம் பிடித்தீர்கள், எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஏஜென்சி மாறும்போது பழைய பதிவுகள் உங்களோடு வருவதில்லை. விரல் மரத்துப்போய் மருத்துவர் முன் உட்காரும்போது அவர் கேட்பது இதைத்தான். நோட்டை வேலைச் சட்டையில் வைத்தால் மழையில் ஊறிவிடும், வீட்டில் வைத்துத் தூங்கப் போகுமுன் எழுதுங்கள். மாதம் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து ஊருக்கும் அனுப்பிவிடுங்கள்.