வியன்னா பூட்டியோட பேரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தி நர்ஸ் வேலைக்கு வியன்னா போயி அங்கயே ஒரு யூதரைக் கட்டிக்கிட்டாங்க, சித்தப்பா போன வருஷம் தவறிட்டாரு. இப்ப தங்கச்சி வளைகாப்புக்கு பாளையங்கோட்டை வந்திருக்கா, பொட்டப்புள்ள பொறந்தா சித்தப்பாவோட அம்மாவைப் பெத்த ஆச்சி பேரை வைக்கணும்னு ஆசைப்படுதா, அந்தப் பேருதான் யாருக்கும் தெரியல. கையில இருக்கது சித்தப்பாவோட அம்மா பாஸ்போர்ட் ஒண்ணுதான். 1939-ல குடுத்தது, செவப்பு மையில பெருசா ஜே எழுத்து, பேருக்கு நடுவுல சாரான்னு இருக்கு. அவுக பேருல சாராவே கெடையாதுன்னு சித்தி சொல்லுதாங்க, அப்ப இது வேற ஆளோடதா? பொறந்த ஊரு லெம்பெர்க், ஆஸ்திரியா மேப்புல தேடித்தேடி கண்ணு பூத்துட்டு. 1937-ல வியன்னாவுல கல்யாணம், 39-ல இங்கிலாந்துக்குத் தப்பிச்சாங்க, பெத்தவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க, இவ்வளவுதான் தெரியும்.

தச்சநல்லூரான்:
தங்கச்சி, பாஸ்போர்ட் அவுகளோடதுதான். யூதப் பொம்பளைங்க சாரான்னும் ஆம்பளைங்க இஸ்ரேல்னும் பேரோட சேத்துக்கிடணும்னு 1938 ஆகஸ்ட்ல நாஜிக்காரன் சட்டம் போட்டான், 1939-ல அமலுக்கு வந்துது. யூதர்னு காட்டுற ஜே முத்திரை 1938 அக்டோபர்ல வந்துது. பெத்தவங்க ஆசையா வச்ச பேருல சர்க்கார் கை வச்சிருக்கு பாருங்க, வயிறு எரியுது. தேடும்போது சாராவை எடுத்துட்டுத் தேடுங்க.
லெம்பெர்க்னா இன்னைக்கு உக்ரைன்ல இருக்க லிவிவ். 1772-ல இருந்து 1918 வரைக்கும் ஆஸ்திரியாகிட்ட இருந்துது, அப்புறம் போலந்துக்குப் போச்சு. ஆனா மொதல்ல அங்க போவாதீங்க, கல்யாணத்துல இருந்து புடிங்க. வியன்னாவுல 1938 வரைக்கும் பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்தையும் அந்தந்த மதத்துக்காரங்கதான் எழுதி வச்சாங்க, நம்ம ஊரு சர்ச்சுல ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்குல்லா, அது மாதிரி. யூத சமூகத்தோட ஆபீஸ், ஐகேஜிம்பாங்க, அவங்ககிட்ட கல்யாண ரிஜிஸ்டர் இருக்கு, பொண்ணோட அப்பா பேரு, அம்மா பேரு, அம்மா பொறந்த வீட்டுப் பேரு வரைக்கும் அதுல கிடைக்கும். வம்சாவளி தேடுறவங்களுக்கான ஜென்டீம் சைட்ல ஃப்ரீயா இன்டெக்ஸ் பாக்கலாம்.

நாசரேத் அக்கா:
ஒண்ணு சேத்துக்கோம்மா. லெம்பெர்க் இருந்த கலீசியா மாகாணத்துல யூதங்க மத முறைப்படி மட்டும் கல்யாணம் பண்ணிருந்தா சர்க்கார் கணக்குல அது செல்லாது, புள்ளைக்கு அம்மா வழிக் குடும்பப் பேரைத்தான் எழுதுவாங்க. அதனால லெம்பெர்க் ரிஜிஸ்டர் தேட வேண்டி வந்தா ரெண்டு குடும்பப் பேருலயும் தேடு, கெஷர் கலீசியா சைட்ல இன்டெக்ஸ் இருக்கு. நம்மள்ல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கோம்லா, அங்கயும் வைப்பாங்க, ஆனா உயிரோட இருக்கவங்க பேரை வைக்க மாட்டாங்க, செத்தவங்க பேரைத்தான். உன் தங்கச்சி ஆசை அவங்க வழக்கப்படியே சரிதான்.
பெத்தவங்க என்ன ஆனாங்கன்னு பாக்கணும்னா வியன்னாவுல டிஓடபிள்யூன்னு ஒரு ஆவணக்காப்பகம் இருக்கு, கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதங்க 60,000 பேருக்கு மேல பேரு வச்சிருக்காங்க. தனியா உக்காந்து தேடாத, சித்தியைப் பக்கத்துல வச்சுக்கோ.

பாளைக்காரி:
மூணு வாரம் ஆச்சு. ஐகேஜியில இருந்து கல்யாண ரிஜிஸ்டர் ஸ்கேன் வந்துட்டு அண்ணாச்சி, கையெழுத்து கோழிக்கிறுக்கலா இருந்துது, சித்திதான் விரல் வச்சு எழுத்து எழுத்தா வாசிச்சாங்க. பூட்டி பேரு கிடைச்சிட்டு, இங்க போடல, தங்கச்சி மொதல்ல வீட்டுல சொல்லட்டும். ரிஜிஸ்டர்ல கல்யாணப் பொண்ணு பேருல சாரா இல்ல.