ஹெர்பர்ட் கான்ஸும் ஜேன் ஜேக்கப்ஸும் சொன்னது ஒன்றுதானா?

கேள்வி (இளவேனில்):
முதுகலை சமூகவியல் படிக்கிறேன். நகரச் சமூகவியல் தாளுக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் பற்றி எழுத வேண்டும். வகுப்பில் அவரையும், நகரத் திட்டமிடலை விமர்சித்து எழுதிய ஜேன் ஜேக்கப்ஸையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்கள். இருவரும் ஒரே கட்சியா?

பதில் (மாடவீதி):
குடியிருப்புகளை இடித்துத் தள்ளுவதை இருவரும் எதிர்த்தார்கள். அதற்கு மேல் ஒற்றுமை அதிகமில்லை. அமெரிக்க நகரங்களைப் பற்றிய ஜேக்கப்ஸின் நூலுக்கு 1962இல் எழுதிய மதிப்புரையில், கட்டடமும் தெருவும் மனிதரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன என்ற அவருடைய எண்ணத்தையே கான்ஸ் மறுத்தார். தெரு கலகலப்பாக இருப்பது அங்கே வாழும் உழைக்கும் குடும்பங்களின் பழக்கத்தால் என்பது அவர் வாதம்.

எனக்கு அவர்மேல் மதிப்பு வரக் காரணம், தீர்ப்புச் சொல்வதற்கு முன் அங்கேயே போய்க் குடியிருந்தது. 1957 அக்டோபரில் பாஸ்டனின் வெஸ்ட் எண்டில் வாடகைக்குக் குடிபுகுந்தார். இடிப்பதற்குக் குறித்துவைத்திருந்த பகுதி அது. இத்தாலிய வம்சாவளியினர் அதிகம். அழுக்கடைந்த சுவரையும் இருண்ட மாடிப்படியையும் பார்த்தே சேரி என்று முடிவு கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் வீடு பளிச்சென்று இருந்தது. இடிபடப் போகும் கட்டடத்துக்கு எந்த உரிமையாளர் வெள்ளையடிப்பார்? குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் இடம் எல்லாம் சேரி ஆகிவிடாது என்றார் கான்ஸ். ஆனாலும் இடித்தார்கள், வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன.

பதில் (கடலோரம்):
வெஸ்ட் எண்ட் பற்றி கான்ஸ் எழுதிய 'தி அர்பன் வில்லேஜர்ஸ்' நூல் ஏழ்மையை அழகுபடுத்திவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு நெருக்கமான மக்கள் ஏன் ஒன்றுகூடித் தடுக்கவில்லை?

பதில் (மாடவீதி):
அதையும் அவரே எழுதியிருக்கிறார், கடலோரம். உறவுக்கும் நட்புக்கும் உள்ளேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். வெளியாரை நம்பவில்லை, அமைப்பாகத் திரளவும் இல்லை. உண்மையில் இடிப்பார்கள் என்றே பலர் கடைசிவரை நினைக்கவில்லை. இதே வெஸ்ட் எண்டை வைத்துத்தான் 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் வேறு விளக்கம் தந்தார்: குழுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய அறிமுகங்கள் அங்கே இல்லை என்றார்.

இளவேனில், கட்டுரைக்கு, ஒரே மாதிரி வீடுகளாகக் கட்டிய புறநகரான லெவிட்டவுன் பற்றிய கான்ஸின் ஆய்வை விட்டுவிடாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் மனிதரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்று அறிவாளிகள் ஏளனம் செய்த நேரத்தில், கான்ஸ் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். பெரும்பாலோர் அங்கே நிறைவாகவே இருந்தார்கள்; பொழுதுபோக்க இடமில்லாமல் தவித்தவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். ஜேக்கப்ஸிடமிருந்து அவர் எங்கே பிரிகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. வெஸ்ட் எண்ட் நூலில் மறுசீரமைப்பை எடைபோடும் கடைசிப் பகுதியை முதலில் படித்துவிட்டு லெவிட்டவுனுக்கு வாருங்கள்.